சி ஷார்ப்பிலிருந்து சி டிஎல்எல்லை அழைத்தால் செயலி மூடிவிடுகிறது, உதவுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

திருகோணமலை கொட்பேயில் மாமா மீன் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறார். அவருடைய மின்தராசைக் கணினியோடு இணைக்க சி ஷார்ப்பில் ஒரு செயலி எழுதுகிறேன். தராசோடு வந்தது ஒரு 32 பிட் சி டிஎல்எல்லும் (மற்றச் செயலிகள் அழைக்கும் ஃபங்ஷன்கள் உள்ள கோப்பு) அவற்றின் விவரம் உள்ள ஹெடர் கோப்பும் மட்டும்தான். விற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை.

முதலில் பேட் இமேஜ் ஃபார்மட் பிழை. செயலியையும் 32 பிட்டுக்கு, அதாவது எக்ஸ்86க்கு, மாற்றியதும் போய்விட்டது. அப்புறம் எடை கன்னாபின்னாவென்று வந்தது. விண்டோஸில் சி மொழியின் லாங் 4 பைட், சி ஷார்ப்பின் லாங் 8 பைட். ஸ்ட்ரக்டில் அதை இன்ட் ஆக்கினேன், சரியாகிவிட்டது.

இப்போது சிக்கல் கால்பேக்கில். எடை நிலைத்ததும் டிஎல்எல் என் ஃபங்ஷனை அழைக்க வேண்டும். நேற்று விடியற்காலை ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட அறக்குளாவைத் தட்டில் வைத்தார்கள். 3 மீனுக்கு எடை வந்தது, 4ஆவதில் செயலி சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. ட்ரை கேட்சிலும் பிடிபடவில்லை. மாமா ஒன்றும் சொல்லாமல் மட்டைப் பெட்டியின் மேல் பேனாவால் எடையை எழுதத் தொடங்கினார். அதைப் பார்க்க எனக்குத்தான் மனம் கேட்கவில்லை.

கால்பேக்குக்காக என் ஃபங்ஷனைச் சுட்டும் டெலிகேட்டை, நினைவகத்தைத் துப்புரவாக்கும் கார்பேஜ் கலெக்டர் எடுத்துவிடக் கூடாதென்று ஸ்டாட்டிக் ஃபீல்டில் வைத்திருக்கிறேன். டிஎல்எல் இம்போர்ட்டில் ஃபங்ஷனை அழைக்கும் முறை சிடெக்ல் என்று கொடுத்தேன், டெலிகேட்டுக்கு எதுவும் கொடுக்கவில்லை. அதற்கும் அன்மேனேஜ்ட் ஃபங்ஷன் பாயிண்டர் அட்ரிபியூட்டைப் போட்டுத் தனியாக சிடெக்ல் என்று சொல்ல வேண்டுமா? ஸ்டாக் குழம்பிச் செயலி மூடுவது அதனால்தானா?

இதில் அடிபட்டு அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். கேட்டால் ஹெடர் கோப்பையும் என் கோடையும் கீழே போடுகிறேன்.