‘எரேஸ்ட்’ ஜப்பான் தொடர்: பார்த்தவர்கள் பகிருங்கள், எதைக் குறித்துவைக்கணும், எங்கே கோட்டை விடுவோம்

பனிமூட்டம்:
கேய் சன்பே வரைந்த மங்காவிலிருந்து (ஜப்பானியப் படக்கதை) வந்த ‘எரேஸ்ட்’ பற்றித்தான் இந்த இழை. காலத்தில் பின்னால் போய், சிறுவயதில் தன் ஊரில் நடந்த குழந்தைக் கொலைகளைத் தடுக்கப் பார்ப்பவனின் கதை. நெட்ஃபிளிக்ஸில் 2017 டிசம்பரில் வந்த 12 பகுதித் தொடரைப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் போடுங்கள். புதிதாகப் பார்க்கப்போகிறவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். மங்காவைத் தவிர, ஒரே கதை மூன்று திரை வடிவில் கிடைக்கிறது. அனிமே (ஜப்பானிய கார்ட்டூன் தொடர்) 2016 ஜனவரி முதல் மார்ச் வரை ஒளிபரப்பானது. திரைப்படம் அதே மார்ச் 19-ல் வெளியானது. மங்காவின் கடைசி அத்தியாயம் அச்சானதோ மார்ச் 4-ல்தான். அதாவது படம் எடுக்கும்போது மூலக்கதையே முடியவில்லை, அனிமே ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் முடிந்தது. மங்கா முழுசாகக் கையில் இருக்க, அதை வைத்துக்கொண்டு எடுத்தது நெட்ஃபிளிக்ஸ் தொடர் மட்டும்தான். முடிவு ஏன் மூன்றிலும் மூன்று மாதிரி இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பாதி பதில் இந்தத் தேதிகளிலேயே இருக்கிறது.

ஒன்றுதான் பார்ப்பேன் என்றால் தொடரைப் பாருங்கள். மூன்றையும் பார்ப்பேன் என்றால் தொடர், பிறகு அனிமே, கடைசியில் படம். படத்தை முதலில் பார்த்தால் குற்றவாளி யாரென்று இரண்டு மணி நேரத்தில் தெரிந்துபோய், மற்ற இரண்டிலும் துப்பறிகிற சுகமே போய்விடும்.

கறுப்புக்குடை:
சரியாகச் சொன்னீங்க. பார்க்கத் தொடங்கும்போதே ஒரு தாளை இரண்டு பத்தியாக மடித்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் 2006, இன்னொரு பக்கம் 1988. சத்தோரு ஃபுஜினுமா 2006-ல் 29 வயது; மங்கா வரைந்து பெயர் எடுக்க முடியாமல் சிபா மாகாணத்தில் பீட்சா டெலிவரி செய்கிறான். அவனுக்குள்ள சக்திக்குக் கதையில் பெயர் ‘ரிவைவல்’. ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது என்றால் ஒரு நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம் வரை பின்னால் இழுக்கப்படுவான். எது தப்பு என்று அது சொல்லாது, அவனேதான் சுற்றும் முற்றும் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அம்மா சச்சிகோ கொல்லப்பட்டதும் அந்த ஐந்து நிமிடம் 18 வருடமாகிறது. ஹொக்கைடோவில் ஐந்தாம் வகுப்புப் பையனாக, 1988 பிப்ரவரியில் போய் விழுகிறான்.

தாளில் கட்டாயம் இருக்க வேண்டிய தேதி 1988 மார்ச் 2. கடத்திக் கொல்லப்பட்ட வகுப்புத் தோழி காயோ ஹினாசுகியின் பிறந்தநாள், சத்தோருவுக்கும் அன்றுதான். முதல் காலவரிசையில் காயோ அந்தப் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அந்த வருடம் லீப் வருடம், பிப்ரவரிக்கு 29 நாள். மார்ச் 2 புதன்கிழமை. நாள் எண்ணும்போது இதை விட்டால் கணக்கு ஒரு நாள் தவறும். இன்னொன்று, அப்போது ஜப்பானில் சனிக்கிழமையும் அரை நாள் பள்ளி உண்டு. சனி விடுமுறை 1992-ல்தான் படிப்படியாக வரத் தொடங்கியது. ‘இன்றைக்கு ஏன் பள்ளிக்கூடம்’ என்று சில காட்சிகளில் குழம்புகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

மழைத்துளி77:
டப்பிங்கில் பார்க்காதீர்கள், ஜப்பானிய ஒலியோடு சப்டைட்டில் வைத்துப் பாருங்கள். 29 வயதுக்காரன் மனசுக்குள் பேசுவதும் பத்து வயதுப் பையன் வாயால் பேசுவதும் இரண்டு குரல். பெரிய சத்தோருவாக நடிக்கும் யூக்கி ஃபுருகாவா, சிறுவனாக நடிக்கும் ரெயோ உச்சிகாவா இருவரும் ஒரே ஆளாகத் தெரிவது அந்தக் குரல்கள் பின்னிப் போகும் விதத்தில்தான். நடிகர் பட்டியலை நடுவில் தேடவும் வேண்டாம். எந்தக் குழந்தைப் பாத்திரத்துக்கு ‘பெரியவர்’ நடிகர் இருக்கிறார் என்று பார்த்தாலே யார் பிழைத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

ரயில்பாலம்:
காயோவைக் காப்பாற்றச் சத்தோரு செய்யும் முதல் முயற்சி ஏன் தோற்கிறது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமான இடம். பலர் அதை ‘விதி’ என்று எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். விதி இல்லை, திட்டத்தில் ஓட்டை.

சத்தோரு என்ன செய்கிறான்? காயோவோடு நட்பாகிறான், பள்ளி முடிந்ததும் கூடவே போகிறான், வீட்டு வாசல்வரை விட்டுவிட்டு வருகிறான். அவன் கணக்கில் ஆபத்து இருப்பது பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள பாதையிலும் தனியாக நிற்கும் பூங்காவிலும். பிறந்தநாள் கொண்டாட்டம் முடிந்ததும் காப்பாற்றிவிட்டோம் என்றே நம்புகிறான். மறுநாள் வகுப்பில் அவள் இடம் காலி. ஏனென்றால் அந்தப் பிள்ளைக்கு ஆபத்தான இடமே வீடுதான். அடித்த பிறகு அம்மா அவளை வெளியே இருக்கும் சாமான் கொட்டகையில் போட்டு அடைப்பாள். ஹொக்கைடோ குளிரில், ராத்திரியில், யாரும் எட்டிப்பார்க்காத கொட்டகை. கடத்துகிறவனுக்கு அதைவிட வசதி ஏது? வீட்டுக்குள் இருக்கிறவர்களே அவளைத் தேட மாட்டார்கள்.

அம்மா அடித்த மறுநாள் காலை காயோவின் முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் அமுக்கும் காட்சி அனிமேயில் வரும், கவனியுங்கள். வீக்கம் வடிந்தால் பள்ளியில் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதற்காக. இவ்வளவு யோசித்து மறைக்கிற வீட்டுக்கு அவளைப் பத்திரமாகக் கொண்டுபோய் விடுவதுதான் முதல் முயற்சியின் தவறு. மறுபடி 1988-க்குப் போகும் இரண்டாவது முறை சத்தோரு செய்யும் ஒரே பெரிய மாற்றம், அவளை வீட்டுக்கே அனுப்பாமல் இருப்பது. நண்பர்கள் சேர்ந்து கைவிடப்பட்ட ஒரு பேருந்தில் அவளை ஒளித்துவைக்கிறார்கள்.

அந்தப் பேருந்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. ராத்திரியில் யாரோ உள்ளே வந்து போகிறார்கள், காலையில் பார்த்தால் புதிதாக ஒரு பை. அதில் கயிறு முதலான சாமான்கள். பிள்ளைகள் பத்திரமான இடம் என்று தேர்ந்தெடுத்தது, குற்றவாளி தன் பொருட்களை வைக்கிற இடம். கண்ணில் படாத இடத்தைத் தேடுகிற இரண்டு பேர் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதில் தற்செயல் எதுவும் இல்லை.

பனிமூட்டம்:
அருமை. இதோடு சட்டப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். ‘போலீஸில் சொல்லியிருக்கலாமே, குழந்தையை அப்போதே மீட்டிருக்கலாமே’ என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். ஜப்பானில் குழந்தைகள் மீதான வன்முறையைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்தது 2000-ல். 1988-ல் குழந்தைகள் ஆலோசனை மையங்கள் இருந்தன, 1947-ன் குழந்தைகள் நலச் சட்டத்தின் கீழ். ஆனால் தாய் கதவைத் திறக்கவில்லை என்றால் வந்த அதிகாரி திரும்பிப் போக வேண்டியதுதான் என்ற நிலையைத் தொடர் காட்டுகிறது. பாட்டியை அழைத்துவந்து, அவர் பொறுப்பில் காயோவை விடுவதுதான் நடைமுறையில் வேலை செய்த வழி. அது உணர்ச்சிக்காக வைத்த காட்சி மாதிரி தெரியும், உண்மையில் அந்தக் காலத்துக்குப் பொருந்தி வருகிற தீர்வு.

அடுத்தது காலவரம்பு. ஜப்பானில் அப்போது கொலைக்கு 15 வருடம்தான் வழக்குத் தொடரும் காலவரம்பு. 2005 ஜனவரி 1 முதல் அதை 25 ஆக்கினார்கள், முன்பே நடந்த குற்றங்களுக்கு அது பொருந்தாது. 2010 ஏப்ரல் 27-ல் கொலைக்கான காலவரம்பையே எடுத்துவிட்டார்கள். 1988-ஓடு 15-ஐக் கூட்டினால் 2003. அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள், பின்பாதியில் தேவைப்படும்.

கறுப்புக்குடை:
இனி வருவது கதையை உடைக்கும். பார்க்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போங்கள்.

குற்றவாளி வகுப்பாசிரியர் யஷிரோ. மறுமுறை பார்க்கும்போது அவர் கார் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முன் இருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியைத் திறந்தால் மிட்டாய் கொட்டும். புகைப்பழக்கத்தை விட்டதால் வாய்க்கு ஏதாவது வேண்டியிருக்கிறது என்று விளக்கம் தருவார். காரில் மிட்டாய் வைத்திருக்கும் தனி ஆள், குழந்தைகள் காணாமல் போகும் ஊர். நம் கண் முன்னாலேயே வைத்துவிட்டார்கள். நாம் சந்தேகப்படாததற்குக் காரணம், காயோவின் வீட்டு நிலைமையைப் பற்றிப் புகார் கொடுத்து அலைகிற ஒரே பெரியவரும் அவர்தான்.

அவர் செய்முறையைப் பிரித்தால் இரண்டு விஷயம் தெரியும். குற்றத்துக்கு முன்பே பழி சுமக்க ஓர் ஆளைத் தயார் செய்துவிடுவார். குழந்தைகளோடு பழகும், திக்கிப் பேசும் ‘யூக்கி அண்ணன்’ என்ற ஊர் இளைஞர் மீது பழி விழுவது அப்படித்தான். யூக்கி வீட்டில் இருந்தார் என்பதற்கு அப்பா ஒருவரே சாட்சி, குடும்பத்தார் சாட்சிக்கு நீதிமன்றத்தில் எடை குறைவு. இன்னொன்று, தேர்ந்தெடுப்பது எப்போதும் தனியாக இருக்கும் பிள்ளையை. காயோவும் அப்படி, பக்கத்துப் பள்ளி அயாவும் அப்படி. சத்தோருவின் வகுப்புத் தோழன் ஹிரோமி பையன், ஆனால் பெண்பிள்ளை முகம். கொலைகாரன் ஆள் தெரியாமல் செய்துவிட்டான் என்று போலீஸ் நினைக்கும், அதனால் சந்தேகம் யூக்கி பக்கமே நிற்கும்.

அதனால்தான் சத்தோருவின் வழி சரியான வழி. கொலைகாரனைப் பிடிக்க ஓடாமல், எந்தப் பிள்ளையும் தனியாக நிற்காதபடி பார்த்துக்கொள்கிறான். காயோவுக்கு நண்பர்கள், அயாவுக்கு நண்பர்கள், ஹிரோமி கூட எப்போதும் யாராவது. இவ்வளவும் செய்தும் எங்கே தவறுகிறது? மதிய உணவுப் பணம் திருடியதாகக் காயோ மீது பழி போட்ட வகுப்புத் தோழி மிசாத்தோ. பழி பொய்யென்று தெரிந்ததும் வகுப்பே அவளை ஒதுக்குகிறது. ஒரு தனிமையைத் தீர்த்த கையோடு இன்னொரு தனிமை உருவாகிவிட்டது. யஷிரோ அதைத்தான் தூண்டிலாக்குகிறார். சத்தோரு காரில் ஏறுகிறான், சீட் பெல்ட் கழல மறுக்கிறது, கார் பனிநீரில் இறங்குகிறது.

மழைத்துளி77:
அந்த மிசாத்தோ கோணத்துக்கு ரொம்ப நன்றி, பலர் கவனிக்காமலே விடுவது அதைத்தான்! ஒன்று மட்டும் சேர்க்கணும். சத்தோரு வீட்டில் காயோ சாப்பிடும் அந்தக் காலைச் சாப்பாட்டை எந்த வடிவத்திலும் ஓட்டிவிடாதீர்கள். சூடான சோறு, மிசோ சூப், முட்டை. எதிரே சச்சிகோ சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறார். அவள் முன்னால் ஆவி பறக்கிறது, அவள் அழுகிறாள். ஏன் அழுகிறாய் என்று அங்கே யாரும் குடைவதில்லை. சச்சிகோ எதையும் பெரிதாக்காமல் சாப்பாட்டைப் போடுகிற அந்த நிதானத்தை டொமோக்கா குரோத்தானி அழகாகச் செய்திருக்கிறார்.

ரயில்பாலம்:
இதே வகையில் அடுத்து என்ன பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு ‘தீசியஸின் கப்பல்’. தொஷியா ஹிகாஷிமோத்தோவின் மங்கா, டிபிஎஸ் தொலைக்காட்சி 2020 ஜனவரி முதல் மார்ச் வரை ஞாயிறு இரவில் 10 பகுதியாக ஒளிபரப்பியது. ஒரு கிராமப் பள்ளியில் விஷம் வைத்து 21 பேரைக் கொன்றதாகச் சிறையில் இருக்கும் போலீஸ்காரரின் மகன், 1989-க்குப் போகிறான். மகனாக ரியோமா தக்கேவுச்சி, அப்பாவாக ரியோஹெய் சுசுகி.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு பெரிய வேறுபாடு பிடிபடும். ‘எரேஸ்ட்’டில் பின்னால் போவது மனசு மட்டும். உடம்பு பத்து வயது, கையில் எதுவும் இல்லை, நினைவு ஒன்றுதான் ஆயுதம். நினைவு தப்பினால் திட்டமும் தப்பும். ‘தீசியஸின் கப்பலி’ல் ஆள் உடம்போடு போகிறான், சட்டைப் பையில் இருப்பதும் கூடவே போகிறது. எதிர்காலத் தேதி போட்ட ஓட்டுநர் உரிமம், வழக்குக் குறிப்புகள். அவனுக்கு உதவ வேண்டிய காகிதமே அடுத்தவர் கையில் சிக்கினால் அவனுக்கு எதிரான சாட்சியாகிறது. அதனால் இந்தத் தொடரில் ஒவ்வொரு பகுதியிலும் அந்தப் பொருட்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன என்பதைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

மங்கா படித்துவிட்டதால் சுவாரஸ்யம் போய்விடும் என்ற பயம் வேண்டாம். தொடரில் குற்றவாளி மாறுவார் என்று அவர்களே முன்கூட்டி அறிவித்திருந்தார்கள். கதை நடக்கும் இடத்தையும் ஹொக்கைடோவிலிருந்து மியாகிக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆகவே மங்காவின் பெயர்களை வைத்துத் தொடரில் ஊகிக்கப் போனால் நிச்சயம் வழி தவறும்.

பனிமூட்டம்:
‘எரேஸ்ட்’ முடிவு பற்றி உள்பெட்டியில் கேட்டவர்களுக்கு, இதுவும் கதையை உடைக்கும். காருக்குப் பிறகு சத்தோரு 15 வருடம் கோமாவில் கிடக்கிறான், கண் விழிப்பது 2003. மேலே எழுதச் சொன்ன எண் இதுதான். நினைவும் உடனே திரும்புவதில்லை. அனிமே இந்தப் பகுதியைச் சுருக்கி மருத்துவமனை மொட்டைமாடியில் முடித்துவிடும். படத்தில் கதாநாயகன் இறந்துவிடுகிறான். அதை என்னால் ஏற்க முடியவில்லை. தனிமையைத் தோற்கடிக்கிற கதையில் அந்த உழைப்பைச் செய்தவனையே பறித்துவிட்டார்கள். தொடர் மங்காவை ஒட்டிப் போகிறது. உடற்பயிற்சி சிகிச்சை, மெல்லத் திரும்பும் நினைவு, சத்தோருவின் வகுப்புத் தோழனாக இருந்து வழக்கறிஞராகிவிட்ட ‘கென்யா’ என்பவன் அவனுக்காக இத்தனை வருடம் விடாமல் சேர்த்துவைத்த தகவல்கள், எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிறது. கடைசிப் பகுதிகளில் வேகம் குறைவதாக நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. 9-ஆம் பகுதி வரை வந்துவிட்டால் மீதி மூன்றையும் ஒரே அமர்வில் பாருங்கள். பிரித்துப் பார்த்தால்தான் அந்த மெதுவான பகுதி தளர்வாகத் தெரிகிறது.

மங்கா படிக்க விரும்புகிறவர்களுக்கு, முதன்மைக் கதை 8 தொகுதி, 9-ஆவது கிளைக் கதைகள். யஷிரோ ஏன் அப்படி ஆனார் என்பது மங்காவில்தான் முழுசாக இருக்கிறது. தண்ணீர்ப் பாத்திரத்தில் மற்றவற்றின் உடல் மேல் ஏறி நின்று பிழைத்த அந்த வெள்ளெலி, மனிதர் தலைக்கு மேல் அவருக்குத் தெரியும் சிலந்தி நூல், இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். நூல் படிமம் ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவாவின் 1918-ஆம் வருடச் சிறுகதையான ‘சிலந்தி நூலி’லிருந்து வருவது. சில பக்கக் கதைதான், முதலில் அதைப் படித்துவிட்டு மங்காவுக்குப் போனால் யஷிரோ பேசும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் என்ன ஓடுகிறது என்பது தெளிவாகும்.