கரிசல் மண்ணில் வீடு: வானம் தோண்டியதும் கணக்கு உதைக்கிறது, வழி சொல்லுங்கள்

கோவில்பட்டி மருமகள்:
வணக்கம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு நான்கு சென்ட் மனை இருக்கிறது. மாமனார், மாமியார், நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். தரைத்தளம் மட்டும் 1,100 சதுர அடி. ஒப்பந்ததாரர் சதுர அடிக்கு 2,350 ரூபாய் பேசினார், 25,85,000 ஆகிறது. சீட்டுப் பணமும் நகை விற்றதும் சேர்த்துக் கையில் ஒன்பது லட்சம், வங்கிக் கடன் இருபது லட்சம். மிஞ்சும் மூன்று லட்சத்துச் சொச்சத்தில் செப்டிக் டேங்கையும் தண்ணீர்த் தொட்டியையும் முடித்துவிடலாம் என்று இருந்தோம்.

போன வாரம் அஸ்திவாரத்துக்கு வானம் (குழி) தோண்டினார்கள். ஐந்தடி போயும் கரிசல்தான். மண்வெட்டியில் அப்பிய மண்ணை ஒவ்வொரு வெட்டுக்கும் குச்சியால் வழித்துப் போட்டார்கள். "எட்டடி போனால்தான் சரளை வரும், 2,80,000 கூடுதலாகும்" என்கிறார் ஒப்பந்ததாரர். "ஐந்தடியே போதும்" என்கிறார் மேஸ்திரி. பக்கத்து வீட்டுச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை விரல் நுழையும் வெடிப்பு இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. கடனைக் கூட்டவும் பயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
அம்மா, முதலில் வேலையை நிறுத்துங்கள். எட்டடியில் சரளை என்பதை யார் பார்த்தார்கள்? மனையில் இரண்டு இடத்தில் துளையிட்டு மண் பரிசோதனை செய்யுங்கள். சில ஆயிரத்தில் முடியும். அதைச் செய்யாமல் 2,80,000 கொடுப்பதும் தவறு, ஐந்தடியில் கட்டுவதும் தவறு.

கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். மேல்மண்ணில் நிற்கும் சுவர் ஆண்டுதோறும் அதோடு ஏறி இறங்கும். பக்கத்து வீட்டு வெடிப்பு பெரும்பாலும் அப்படி வந்ததுதான். ஈரம் மாறாத ஆழத்துக்கு அஸ்திவாரம் இறங்க வேண்டும். அதற்காக வீடு முழுக்க வானம் தோண்ட வேண்டியதில்லை. அடிப்பக்கம் குடம்போல அகலும் பைல் (மண்ணில் துளையிட்டு வார்க்கும் கான்கிரீட் தூண்) போடலாம். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துத் தந்த முறை இது. ஆழமான கரிசலில் குறைந்தது மூன்றரை மீட்டர் இறங்கும். மேலே பீம் ஓட்டி, பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விடுவார்கள். மண் உப்பினாலும் பீமைத் தூக்காது. இரண்டு முறைக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள்.

அருப்புக்கோட்டை அக்கா:
தங்கச்சி, நானும் கரிசலில்தான் கட்டினேன். அஸ்திவாரத்தில் மட்டும் கையை இறுக்காதே. எங்கள் 1,100 அடி கடைசி அளவையில் 1,190 ஆனது. படிக்கட்டு அறையையும் போர்டிகோவையும் சேர்த்துவிட்டார்கள். எதை எப்படி அளப்பார்கள் என்று இப்போதே எழுதி வாங்கு. மின் இணைப்பு, சுற்றுச்சுவர், போர்வெல் எதுவும் அடிக்கணக்கில் வராது.

சுற்றுச்சுவர், அலமாரி, முகப்பு வேலை எல்லாம் மூன்று வருஷம் கழித்துக்கூடச் செய்யலாம். சுவருக்குள் போகும் வயரையும் குழாயையும் அப்படித் தள்ளிப்போட முடியாது. நான் வயரில் மிச்சம் பிடித்தேன். பிறகு பூசிய சுவரை உடைத்து மாற்றினேன்.

வங்கி ஊழியர்:
முப்பது லட்சம் வரையிலான வீட்டுக் கடனை மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்க விதி இருக்கிறது. உங்கள் வருமானத்தையும் பார்ப்பார்கள். கூட்டிக் கேட்பதானால் திருத்திய மதிப்பீட்டை இப்போதே கொடுங்கள். தளம் போட்ட பிறகு போய் நிற்காதீர்கள். பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும். வீடு முடியும்வரை வாடகையும் வட்டியும் சேர்ந்தே ஓடும், அதையும் கணக்கில் எழுதுங்கள். விலைச்சீட்டு 2025 செப்டம்பர் 22-க்கு முந்தியதா? அன்று முதல் சிமென்ட் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதைச் சொல்லிப் பேசுங்கள்.

கோவில்பட்டி மருமகள்:
பரிசோதனை முடிந்தது ஐயா. முன்பக்கம் ஒன்பதடியில் சரளை, பின்பக்கம் பதினோரடி. எட்டடியில் நிறுத்தியிருந்தால் அத்தனை பணமும் கரிசலில்தான் நின்றிருக்கும். பைலுக்கு 2,10,000 கேட்கிறார்கள். போர்டிகோவையும் தனிச் சாப்பாட்டு அறையையும் விட்டுவிட்டு 960 அடியாகக் குறைக்கிறோம். 22,56,000 போக, பைலும் சேர்த்து 24,66,000; கையில் 4,34,000 நிற்கும். "பிள்ளைகளுக்குக் கடன் வேண்டாம், கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம்" என்று மாமனாரே சொன்னார். இனி எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
நல்ல முடிவு. திருத்திய வரைபடத்துக்கு உள்ளாட்சியிலும் வங்கியிலும் ஒப்புதல் வாங்காமல் பைல் போட வேண்டாம். செப்டிக் டேங்கைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். அதன் கசிவே மண்ணை உப்ப வைக்கும். தோண்டிய வானத்தை அதே கரிசலால் மூடாமல் சரளை கொட்டி, தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்தச் சொல்லுங்கள். அதுவரை குழிக்கு மேல் தார்ப்பாய் விரித்து, சுற்றிலும் ஒரு சாண் வரப்புப் போடுங்கள். மழைத் தண்ணீர் உள்ளே நிற்கவே கூடாது.