வால் கறுத்து, பின்னங்கால் வீங்கிய இகுவானா: புண்ணை ஆற்றுவது, பழக்குவது எப்படி?

ஜெலுத்தோங் கடலோரம்:

வணக்கம். யாரோ அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் விட்டுவிட்டுப் போன பச்சை இகுவானா ஒன்று நான்கு நாளாக இங்கே இருக்கிறது. பியாவாக் (உடும்பு) இல்லை, காதுக்குக் கீழே அந்தப் பெரிய வட்டச் செதில் இருக்கிறது.

எடை 640 கிராம். மூக்கு நுனியிலிருந்து கழிவுத் துவாரம் வரை 26 செ.மீ. வாலின் கடைசி 9 செ.மீ. கறுத்துக் காய்ந்து கிடக்கிறது. வலது பின்தொடை இடதைவிடப் பெருத்திருக்கிறது, தொட்டால் இழுத்துக்கொள்கிறது. விலாவில் ஐம்பது காசு நாணயம் அளவுக்குத் தோல் உரிந்த புண். கண் தெளிவாக இருக்கிறது, வாயில் சளி இல்லை. பாயாம் கீரையும் வெள்ளரியும் கொஞ்சம் தின்கிறது.

பழைய மீன் தொட்டியில் மணல் பரப்பி, காலை வெயில் படட்டும் என்று ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். புண்ணுக்கு மஞ்சள் பூசலாமா? காலுக்கு ஐஸ்கிரீம் குச்சி வைத்துக் கட்டலாமா? ரொம்பச் சாதுவாக இருக்கிறது, கையில் எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கிறது. இப்போதே பழக்க ஆரம்பிக்கலாமா?

செந்தூல் ஊர்வன:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். அது சாது இல்லை தம்பி, அதற்குத் தெம்பு இல்லை. நல்ல நிலையில் இருக்கும் இகுவானா, புது ஆள் நான்காம் நாளே தூக்கினால் வாலால் விளாசும், நகத்தால் கீறும். கண்ணை மூடுவது சுகத்தில் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்தால் உங்களைப் பார்க்காமலிருக்க அது செய்யும் வேலை அது. மூன்று நான்கு வாரத்தில் உடம்பு தேறி உங்களை அடிக்க வந்தால் சந்தோஷப்படுங்கள்.

மீன் தொட்டியை இன்றே ஜன்னலிலிருந்து எடுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் நேர் வெயில் பட்டால் அரை மணி நேரத்துக்குள் உள்ளே வெந்துபோகும். பினாங்கு வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். அதே கண்ணாடி யூவிபி கதிரை (வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்) உள்ளே விடாது. சூடு மட்டும் கிடைக்கும், பயன் கிடைக்காது. யூவிபி இல்லாமல் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாமல் தின்ற சுண்ணாம்புச் சத்து உடம்பில் ஏறாது. இரத்தத்தில் குறைவதை ஈடுகட்ட உடம்பு எலும்பிலிருந்து உருவும். அந்தக் கால் வீக்கத்துக்கே இது காரணமாக இருக்கலாம்.

வீட்டிலேயே சோதிக்க மூன்று விஷயம். கீழ்த்தாடையின் இரு பக்கத்தையும் விரலால் மிக மெதுவாக அழுத்துங்கள். ரப்பர் மாதிரி வளைந்தால் எலும்பு இளகியிருக்கிறது. இரண்டு தொடையும் கல் போலத் தடித்திருந்தாலும் அதே நோய்தான். ஒரு பக்கம் மட்டும் என்றால் எலும்பு முறிவு, சீழ்க்கட்டி, யூரிக் அமிலம் படிந்த மூட்டு, இதில் எதுவாகவும் இருக்கலாம், எக்ஸ்ரே இல்லாமல் பிரிக்க முடியாது. கால் விரல்கள் தானாகத் துடிக்கின்றனவா என்றும் பாருங்கள். துடித்தால் நாளை வரை காத்திருக்கக் கூடாது, இரத்தத்தில் சுண்ணாம்பு அபாயமாகக் குறைந்துவிட்டது.

குச்சி கட்டாதீர்கள். எலும்பு இளகிய காலில் குச்சியின் முனை நெம்புகோல் போல வேலை செய்து இன்னொரு இடத்தில் உடைக்கும். பின்னங்காலை வாலோடு சேர்த்து ஒட்டி அசையாமல் வைப்பார்கள் மருத்துவர்கள்; அதை அவர்களிடமே விடுங்கள். எல்லா விலங்கு மருத்துவரும் ஊர்வன பார்ப்பதில்லை. போன் செய்து, “இகுவானாவுக்கு எக்ஸ்ரே எடுப்பீர்களா” என்று நேராகக் கேட்டுவிட்டுப் போங்கள். கோலாலம்பூர் பக்கம் என்றால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழக விலங்கு மருத்துவமனை இருக்கிறது.

வால்: கறுப்பும் பச்சையும் சேரும் கோட்டில் பால்பாயின்ட் பேனாவால் சுற்றி ஒரு வளையம் போட்டு, தினமும் ஒரே கோணத்தில் படம் எடுங்கள். கறுப்பு வளையத்துக்குள் நின்றால் காய்ந்த அழுகல், அவசரம் குறைவு. வளையத்தைத் தாண்டி மேலே ஏறினாலோ, எல்லைக்கோடு ஈரமாகி நாற்றம் வந்தாலோ வெட்டி எடுத்தே ஆக வேண்டும். நீங்களே கிள்ளி எடுக்கவோ நூல் கட்டவோ வேண்டாம். அறுவை செய்யும் மருத்துவரிடம் ஒன்று மட்டும் பேசுங்கள்: வால் முறியும் இயல்பான இணைப்பில் வெட்டித் தையல் போடாமல் விட்டால் இளசுகளுக்கு மறுபடி வளரலாம். தைத்தால் வளராது. வளர்ந்தாலும் நிறம் மங்கி, குட்டையாகத்தான் வரும்.

விலாப் புண்ணுக்கு மஞ்சள் வேண்டாம். பொடி புண்ணில் ஒட்டிப் பொருக்காகி அடியில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், மேலே பார்த்தால் ஆறியது போலத் தெரியும். மருந்துக்கடையில் 0.9% உப்பு நீர் வாங்கி ஊசியில்லாத சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு பொவிடோன் அயோடினை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, தண்ணீர் கூடிப்போன தே ஓ (பால் சேராத தேநீர்) நிறத்துக்கு வந்ததும், பஞ்சில் நனைத்து ஒற்றி எடுங்கள். காலை, மாலை. டெத்தால், ஸ்பிரிட், நுரைக்கும் பெராக்சைடு எதுவும் கூடாது. புதிதாக வளரும் தோலைத்தான் அவை முதலில் கொல்லும். பனடால் போன்ற வலி மாத்திரையும் கொடுக்காதீர்கள்.

புண்ணைச் சுற்றி மேடாகக் கட்டி வந்தால் பிதுக்காதீர்கள். ஊர்வனவற்றின் சீழ் பாலாடைக் கட்டி போலக் கெட்டியாக இருக்கும், வெளியே ஓடாது. கீறித்தான் எடுக்க வேண்டும்.

பட்டர்வொர்த் கீரைக்கட்டு:

அண்ணன் மருத்துவம் சொல்லிவிட்டார், நான் சாப்பாடு.

பாயாமை நிறுத்துங்கள். அதில் ஆக்சலேட் அதிகம், சுண்ணாம்பைக் கட்டிப்போட்டுவிடும். எலும்பு நோய் சந்தேகம் இருக்கும்போது அதைக் கொடுப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவதுதான். வெள்ளரி வெறும் தண்ணீர்.

பசாரில் தமிழர் கீரைக் கடையில் முருங்கைக்கீரை கேளுங்கள், கிடைத்தால் அகத்தியும். வேலியில் இருக்கும் செம்பருத்தி இலையும் பூவும் அருமை, மருந்து அடிக்காத செடியாக இருக்க வேண்டும். மல்பெரி இலை கிடைத்தால் இன்னும் நல்லது. இந்த இலைகள் எண்பது பங்கு. மீதியில் துருவிய பரங்கிக்காய், பிஞ்சு பீன்ஸ். பப்பாளி ருசிக்கு இரண்டு துண்டு. சாவி (கடுகுக்கீரை), முட்டைக்கோஸ் வகையறா எப்போதாவது போதும், தினமும் கொடுத்தால் தைராய்டைப் பாதிக்கும். 640 கிராம் உடம்புக்குப் பொடியாக நறுக்கிய இலை ஒரு காப்பிக் கோப்பை நிறைய, காலை ஒன்பது மணி வாக்கில், உடம்பு சூடேறிய பிறகு. குளிர்ந்த உடம்பில் தின்றது வயிற்றிலேயே கிடந்து புளிக்கும்.

பாஸ்பரஸ் சேராத கால்சியம் கார்பனேட் தூள், மூன்று விரல் நுனியில் எடுக்கும் அளவு, வாரம் ஐந்து நாள் கீரை மேல் தூவுங்கள். மருத்துவர் வேறு அளவு சொன்னால் அதுதான் கணக்கு.

நாய் பிஸ்கட், பூனை டின், முட்டை, புழு எதுவும் வேண்டாம். “சதை பிடிக்கும்” என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சதை பிடிக்கும், கூடவே சிறுநீரகமும் போகும். இது சுத்த சைவம்.

நோயாளிக்குத் தினமும் இருபது நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வையுங்கள், நீர்ச்சத்தும் ஏறும், மலமும் இறங்கும்.

செந்தூல் ஊர்வன:

கீரை விஷயத்தில் மறுபேச்சே இல்லை. குளியல் மட்டும் இப்போது வேண்டாம் அக்கா. தண்ணீரில்தான் அது மலம் கழிக்கும். திறந்த புண்ணும் காய்ந்த வாலும் அந்தத் தண்ணீரில் ஊறினால் காய்ந்த அழுகல் ஈர அழுகலாகும். புண் மூடும் வரை கீரையை நன்றாக நனைத்துச் சொட்டச் சொட்டக் கொடுத்தால் போதும். வாய் நுனியில் சொட்டு விட்டால் நக்கும். சிறுநீரோடு வரும் வெள்ளைப் பகுதியைக் கவனியுங்கள்: பசை போல மென்மையாக இருந்தால் நீர்ச்சத்து சரி, மணல் போல நறநறத்தால் குறைவு. மூக்கோரம் வெள்ளைப் பொடி தெரிந்தால் சளி என்று பயப்படாதீர்கள், அதிக உப்பைத் தும்மி வெளியேற்றுவது அதன் இயல்பு.

பட்டர்வொர்த் கீரைக்கட்டு:

விலாப் புண்ணை மறந்துவிட்டேன். சரி, புண் மூடிய பிறகு, அதன் முழங்கை மட்டத் தண்ணீரில் விடலாம். சமையலறை சிங்க்கில் வேண்டாம், சால்மோனெல்லா என்ற கிருமி பரவும். தனி பேசின் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தொடவே விடாதீர்கள்.

ஜெலுத்தோங் கடலோரம்:

நன்றி. தாடை கெட்டியாக இருக்கிறது, விரல் துடிப்பு இல்லை. நாளை மறுநாள் எக்ஸ்ரேக்கு நேரம் வாங்கிவிட்டேன். கூண்டை எப்படி மாற்றுவது? நம் ஊர்ச் சூட்டுக்கு விளக்கு தேவையா?

ஆயர் ஈத்தாம் கூண்டுக்காரர்:

தேவை. நம் ஊர்க் காற்று 28 முதல் 32 டிகிரி, அது பொதுச் சூட்டுக்குச் சரி. வெயில் காயும் இடம் 35 முதல் 38 டிகிரி இருந்தால்தான் செரிமானமும் எதிர்ப்புச் சக்தியும் ஓடும். ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டும் கேட்கவில்லை என்று வருபவர்களைக் கேட்டால் பாதிப்பேர் வீட்டில் அந்தச் சூடு இருக்காது. உடம்பு குளிர்ந்தால் மருந்து இரத்தத்தில் சரியாகப் பரவாது. ஊசியை உடம்பின் முன்பாதியில்தான் போடுவார்கள். பின்காலில் போட்டால் இரத்தம் சிறுநீரகம் வழியாகப் போய் மருந்து வீணாகலாம், சில மருந்து சிறுநீரகத்தையே தாக்கும்.

இப்போதைக்குப் பெரிய கூண்டு கட்டாதீர்கள். 90க்கு 60 செ.மீ. பிளாஸ்டிக் பெட்டி, பக்கங்களில் துளை, மேலே கொசுவலை. வலை முக்கியம்: ஈ புண்ணில் முட்டையிட்டால் மறுநாளே புழு. சின்ன அரிசிக் குருணை போல வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தினம் இருமுறை பாருங்கள். மணலைக் கொட்டிவிட்டுப் பழைய நாளிதழ் விரியுங்கள், தினமும் மாற்றுங்கள். மரக்கட்டை 10 செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம், அடிபட்ட காலோடு ஏறி விழும்.

ஒரு முனையில் 60 வாட் பல்ப், தொட முடியாத உயரத்தில். வெப்பமானியின் முனையை அதன் முதுகு இருக்கும் மட்டத்தில் வைத்து அளந்து பல்பை ஏற்றி இறக்குங்கள். சூடாகும் கல் என்று விற்பதை வாங்காதீர்கள், வயிறு வெந்தாலும் அதற்கு உறைக்காது. யூவிபிக்கு டி5 குழல் விளக்கு, யூவிபி அளவு 10.0 அல்லது 12% என்று போட்ட வகை, முதுகிலிருந்து சுமார் 30 செ.மீ. இடையில் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வரக்கூடாது. கம்பிவலை இருந்தால் கதிரில் ஒரு பகுதி குறையும், அதற்கேற்ப இறக்குங்கள். எரிந்துகொண்டே இருந்தாலும் யூவிபி தேய்ந்துவிடும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பகல் 12 மணி நேரம் போதும். இரவில் எல்லாம் அணைத்துவிடலாம், பினாங்கு இரவே போதும். ஏர்கான் அறையில் மட்டும் வைக்காதீர்கள்.

வாரம் ஒருமுறை சமையல் தராசில் பேசினோடு வைத்து எடை போட்டு எழுதுங்கள். 576 கிராமுக்குக் கீழே போனால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது, உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சட்டமும் இருக்கிறது. இகுவானா சைட்டிஸ் (வன உயிரின வணிகத்துக்கான உலக ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியல் உயிரினம். பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அலுவலகத்தில் கிடைத்த இடம், தேதி சொல்லி, வைத்திருக்க உரிமம் பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள். முடியவில்லை என்று பூங்காவில் விடுவது மட்டும் கூடாது. அது மத்திய, தென்னமெரிக்கப் பிராணி, இங்கே காடு அதற்குச் சொந்தமில்லை.

செந்தூல் ஊர்வன:

பழக்குவது பற்றி ஒன்று. இகுவானாவின் உச்சந்தலையில் மங்கலான ஒரு செதில் தெரியும், அதுதான் மூன்றாம் கண். உருவம் தெரியாது, நிழல் மட்டும் தெரியும். மேலிருந்து கை இறங்கினால் அதற்குப் பருந்து. அதனால் பெட்டியை மேசை மேல் வைத்து, பக்கவாட்டில், அதன் கண் மட்டத்தில் கையைக் கொண்டுபோங்கள்.

முதல் இரண்டு வாரம் மருந்துக்குத் தவிரத் தொடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். மருந்து போடும்போது ஒரு துணியை அதன் தலைமேல் போர்த்திவிட்டுச் செய்யுங்கள். துணி வந்தால் எரிச்சல், துணி இல்லாத கை வந்தால் சாப்பாடு என்று அதற்குப் பிரிந்து புரியும். மூன்றாம் வாரம் செம்பருத்திப் பூவை நீளக் குறடால் நீட்டுங்கள். குறடை வாரத்துக்கு வாரம் குட்டையாக்குங்கள், கடைசியில் உள்ளங்கை.

தாடைக்குக் கீழே தோல் விரிந்து, உடம்பு பக்கவாட்டில் தட்டையாகி, வால் நுனி ஆடினால் கை அங்கேயே நிற்கட்டும். வெடுக்கென்று இழுக்காதீர்கள், மிரட்டினால் கை ஓடும் என்று கற்றுக்கொள்ளும். அது தளர்ந்த பிறகு மெதுவாக எடுங்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியில், இன்னொன்று இடுப்புக்கடியில். வாலைப் பிடித்தால் மிச்ச வாலும் கையோடு வந்துவிடும்.

எக்ஸ்ரே படத்தை இங்கே போடுங்கள். தொடை எலும்பின் ஓரம் வெள்ளையாக, கூர்மையாகத் தெரிகிறதா, புகை போலக் கலைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.