92-ஆம் நிமிடத்துக்கு ஒரு சொல் வேண்டும்

மடல் 1

எல்லோருக்கும் வணக்கம்.

போர்ச்சுகலின் முதல்நிலைக் கால்பந்து லீகில் 2012–13 பருவம் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஒரே ஒரு சொல்லில் வந்து மாட்டிக்கொண்டேன், அந்தப் பருவமே அந்தச் சொல் குறிக்கும் நேரத்தில்தான் முடிவானது என்பதால் சுற்றிவளைத்து எழுதியும் தப்பிக்க முடியவில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 16 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 30 ஆட்டம். போட்டி உண்மையில் பென்ஃபிகாவுக்கும் போர்ட்டோவுக்கும்தான். ஜனவரியில் லிஸ்பனில் இருவரும் மோதி 2–2. மே 6 அன்று பென்ஃபிகா சொந்த மைதானத்தில் எஸ்டோரிலோடு 1–1 என்று சமன் செய்து, நான்கு புள்ளியாக ஆகியிருக்க வேண்டிய முன்னிலையை இரண்டோடு நிறுத்திக்கொண்டது. ஐந்தே நாளில், மே 11, போர்ட்டோவின் டிராகாவ் அரங்கில் ஆட்டம். 19-ஆம் நிமிடத்தில் லிமா கோல் போட்டுப் பென்ஃபிகாவை முன்னால் கொண்டுபோனார், சில நிமிடங்களில் பென்ஃபிகாவின் மாக்சி பெரேராவே பந்தைத் தன் வலைக்குள் விட்டுவிட்டார். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. 1–1 என்றே முடிந்திருந்தால் இரண்டு புள்ளி முன்னிலையோடு பென்ஃபிகா கடைசி ஆட்டத்துக்குப் போயிருக்கும். மாற்றாளாக இறங்கிய கெல்வின், 19 வயசுப் பிரேசில் பையன், 92-ஆம் நிமிடத்தில் இடப்பக்கத்திலிருந்து குறுக்காக ஒரு அடி. 2–1. பென்ஃபிகா பயிற்சியாளர் ஜோர்ஜ் ஜெசுஸ் கோட்டோரத்தில் அப்படியே முழங்காலில் விழுந்தார். கடைசியில் போர்ட்டோ 78, பென்ஃபிகா 77.

இப்போது சிக்கல். அந்த 92-ஆம் நிமிடம் எந்த நேரத்தில் வருகிறது? நம் செய்தித்தாள்கள் "கூடுதல் நேரத்தில்" என்று எழுதும். ஆனால் நாக்-அவுட் ஆட்டங்களில் 90 நிமிடம் சமனாக முடிந்தபின் ஆடும் 15 + 15 நிமிடங்களுக்கும் அதே "கூடுதல் நேரம்"தான். இந்த 15 + 15 எக்ஸ்ட்ரா டைம், ஆட்டம் தடைப்பட்டு வீணானதற்காக நடுவர் சேர்ப்பது ஸ்டாப்பேஜ் டைம். இரண்டும் ஒன்றில்லை, லீக் ஆட்டத்தில் முன்னது கிடையவே கிடையாது. ஒரு பத்தியில் இரண்டும் வந்தால் படிப்பவர் என்ன செய்வார்?

ஸ்டாப்பேஜ் டைமை "இஞ்சுரி டைம்" என்றும் சொல்வார்களே, அதை வைத்து நான் முதலில் "காய நேரம்" என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் படித்துக் காட்டியதும் "துணி காயவா?" என்று கேட்டுவிட்டார்கள். விட்டுவிட்டேன்.

*

மடல் 2

தம்பி, நல்ல கேள்வி. அந்தச் செய்தித்தாள் மொழிபெயர்ப்பை நானும் பல வருஷமாகப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

சொல் தேடுமுன் அந்த ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். போர்ச்சுகீசியத்தில் எக்ஸ்ட்ரா டைமுக்குப் "புரொலொங்கமெந்து", அதாவது நீட்டிப்பு. மற்றதற்கு எழுத்தில் "கொம்பென்சசாவ்" நேரம், அதாவது ஈடு. பேச்சில் "டெஷ்கோண்டுஷ்", கடையில் கொடுக்கிற தள்ளுபடிக்கும் அதே சொல்தான். நாம் அதைப் பிடித்துக்கொண்டு "தள்ளுபடி நேரம்" என்றால் ஆடி மாசத் துணிக்கடை ஞாபகம்தான் வரும், ஆகவே அது வேண்டாம். ஆனால் மற்ற இரண்டு சொல்லும் நமக்கு வழி காட்டுகின்றன.

எக்ஸ்ட்ரா டைம் என்பது நீட்டிப்பு. பணி நீட்டிப்பு என்று அரசாணையில் வருகிறதே, காலம் முடிந்துவிட்டது, அதற்குமேல் இன்னும் கொஞ்சம் கொடுக்கிறோம் என்ற பொருள், கச்சிதமாக உட்காருகிறது. ஸ்டாப்பேஜ் டைம் அப்படியில்லை. நடுவர் புதிதாக ஒன்றும் கொடுக்கவில்லை, 90 நிமிடத்துக்குள் வீணான நேரத்தைத் திருப்பித் தருகிறார், அவ்வளவுதான். எனவே "ஈட்டு நேரம்" என்பது என் முன்மொழிவு. "இழப்பீட்டு நேரம்" என்றும் சொல்லலாம், ஆனால் விபத்து வழக்கு வாடை அடிக்கும்.

*

மடல் 3

> நடுவர் புதிதாக ஒன்றும் கொடுக்கவில்லை

ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் எங்கள் வட்டாரப் போட்டிகளில் விசில் ஊதுகிறவன், பெரிய ஆளெல்லாம் இல்லை. ஆனால் இந்த நேரத்துக்காக வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. தோற்கிற அணி "இன்னும் கொடு" என்கும், ஜெயிக்கிற அணி "ஏன் கொடுத்தே" என்கும். இரண்டு பேருமே "கொடு" என்று சொல்வதுதான் பிரச்சினை, நாங்கள் கொடுப்பதில்லை. ஆள் மாற்றம், அடிபட்டவரைப் பார்ப்பது, கோல் போட்டுவிட்டு மூலைக்கொடிவரை ஓடிக் கூத்தாடுவது, கோல்கீப்பர் பந்தைக் கட்டிப்பிடித்துப் படுத்துக்கொள்வது, இதெல்லாம் எங்கள் கைக்கடிகாரத்தில் கணக்காகிறது. கோட்டோரத்தில் நிற்கும் நான்காவது அலுவலர் பலகையில் காட்டுகிற எண் குறைந்தபட்சம் மட்டுமே. அதற்குமேல் கூடலாம், குறைக்க விதியில் இடமில்லை. இதைச் சொன்னால் மைதானத்தில் யார் கேட்கிறார்கள்.

அந்த மே மாதத்தைப் பற்றி எழுதுகிறீர்களே, லீகோடு நிறுத்தாதீர்கள். கெல்வின் கோலுக்கு நான்கு நாள் கழித்து ஆம்ஸ்டர்டாமில் யூரோப்பா லீக் இறுதி. பென்ஃபிகாவும் செல்சியும் 1–1, எல்லோரும் எக்ஸ்ட்ரா டைமுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும்போது 93-ஆம் நிமிடத்தில் மூலை உதையிலிருந்து இவானோவிச் தலையால் முட்டினார். எக்ஸ்ட்ரா டைம் வராமலே போனதற்குக் காரணம் ஸ்டாப்பேஜ் டைம்! உங்கள் செய்தித்தாள்காரர் இதை எழுதினால் "கூடுதல் நேரத்தில் விழுந்த கோலால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகவில்லை" என்று வரும். அப்புறம் அதே மாதக் கடைசியில் போர்ச்சுகல் கோப்பை இறுதியும் பென்ஃபிகாவின் கைவிட்டுப் போனது, மூன்றுமே இந்த நேரத்தில்தான்.

சொல்லைப் பொறுத்தவரை எனக்கு ஒரு சின்னத் தயக்கம். "ஈட்டு" என்றால் சம்பாதி என்றும் பொருள் இருக்கிறதே.

*

மடல் 4

அந்தத் தயக்கம் எனக்கும் உண்டு. எங்கட பக்கத்தில ஈடு எண்டால் முதலில் ஞாபகம் வாறது அடகுதான், வீட்டை ஈடு வைக்கிறது. தமிழ்நாட்டில் அரசு ஊழியர்கள் சேர்த்து வைக்கும் விடுப்புக்கு "ஈட்டிய விடுப்பு" என்று பெயர், ஆக "ஈட்டு நேரம்" என்று படிப்பவர் ஒரு கணம் "ஓ, உழைத்துச் சம்பாதித்த நேரமா" என்று நினைக்கக்கூடும். அதே அலுவலகங்களில் இன்னொரு விடுப்பும் இருக்கிறதல்லவா, விடுமுறை நாளில் வேலைக்கு வந்தால் பதிலுக்கு எடுத்துக்கொள்வது? அதை "ஈடுசெய் விடுப்பு" என்கிறார்கள். நமக்கு வேண்டிய பொருள் அச்சாக அதுதான்: போன நாளுக்குப் பதில் நாள், போன நிமிடத்துக்குப் பதில் நிமிடம். எனவே "ஈடுசெய் நேரம்" என்று வைத்தால் குழப்பம் தீரும், கொஞ்சம் நீளம் என்பதைத் தவிர வேறு குறை தெரியவில்லை.

இன்னொன்று, விசில் ஊதுகிறவரின் மடலில் ஒரு தவறு. போர்ச்சுகல் கோப்பை இறுதி அந்த நேரத்தில் போகவில்லை. பென்ஃபிகா 1–0 என்று முன்னால் இருந்தது. கிமராயிஷ் நகரத்து விட்டோரியா அணி 79-ஆம் நிமிடத்தில் ஒன்றும் 81-ஆம் நிமிடத்தில் ஒன்றும் போட்டு ஜெயித்தது. அந்த அணியின் முதல் கோப்பை அது. 90-க்குள்ளேயே முடிந்த கதை, பென்ஃபிகாவின் துரதிர்ஷ்டத்தை ஒரே டப்பாவுக்குள் போட்டு அடைக்காதீர்கள். கட்டுரையில் கட்டாயம் சரியாக வர வேண்டும் தம்பி.

அடுத்து நிமிடத்தை எழுதுகிற முறை. போர்ட்டோ ரசிகர்கள் "92-ஆம் நிமிடம்" என்று சொல்கிறார்கள், யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் முதல் பாதியில் 45-க்குப் பிறகு இரண்டாவது நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தால் அதை 47-ஆம் நிமிடம் என்று எழுத முடியாது, 47 என்பது இரண்டாம் பாதியில் வரும் வேறு நிமிடம். அதனால்தான் 45+2, 90+2 என்று எழுதுகிறார்கள். அதை வாயால் எப்படிச் சொல்வது? நேரடி வருணனையில் "தொண்ணூறு கூட்டல் இரண்டு" என்று கணக்கு வாத்தியார் மாதிரி சொல்ல முடியாது. "ஈடு இரண்டாம் நிமிடம்" என்று சொல்லிப் பாருங்கள், வாயில் நிற்கிறது.

*

மடல் 5

அம்மணி சொன்ன "ஈடுசெய் நேரம்" என் "ஈட்டு நேர"த்தைவிட மேல். ஒப்புக்கொள்கிறேன், முப்பது வருஷம் விடுப்பு விண்ணப்பம் எழுதியவனுக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

"ஈடு" மட்டும் தனியாக வரலாமா என்று யோசித்தேன். அடகு என்ற பொருள் இருக்கிறது. வைணவர்களுக்கு ஈடு என்றால் திருவாய்மொழி வியாக்கியானம். எங்கள் வீட்டில் ஈடு என்றால் இட்லி, "இன்னும் ஒரு ஈடு போடட்டுமா" என்பார்கள். இத்தனை இருந்தும் சூழல் காப்பாற்றிவிடும், கால்பந்து வருணனையில் யாரும் இட்லி எதிர்பார்க்க மாட்டார்கள். முழுச் சொல் "ஈடுசெய் நேரம்", பேச்சுக்கு "ஈடு". நான்காவது அலுவலர் பலகையில் காட்டும் எண்ணை "குறைந்தபட்ச ஈடு" என்றே எழுதலாம், "கூடுதல்" என்ற சொல்லே அங்கே வர வேண்டியதில்லை.

"மிகைநேரம்" என்று யாரேனும் கிளப்புவதற்குள் சொல்லிவிடுகிறேன், அது தொழிற்சாலை ஓவர்டைம், அதற்குத் தனிச் சம்பளம் உண்டு. இங்கே யாருக்கும் தனிச் சம்பளம் இல்லை.

*

மடல் 6

ஐயா, அக்கா, விசில் அண்ணன், மூவருக்கும் நன்றி. கோப்பை இறுதியைத் திருத்திவிட்டேன், நல்லவேளை.

கட்டுரையில் இப்போது இப்படி இருக்கிறது:

"லீக் ஆட்டம் என்பதால் நீட்டிப்புக்கு இடமில்லை, ஈடுசெய் நேரத்தின் இரண்டாம் நிமிடத்தில் கெல்வின் அடித்த கோல் போர்ட்டோவை 75 புள்ளிகளுக்கு உயர்த்தியது, பென்ஃபிகா 74-இலேயே நின்றது. மே 19 அன்று போர்ட்டோ, பாசோஸ் டி ஃபெரெய்ராவை அதன் ஊரிலேயே 2–0 என்று வென்று, 24 வெற்றி 6 சமன் என ஒரு தோல்வியும் காணாமல் பட்டத்தைத் தக்கவைத்தது. நான்கு நாளுக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் ஆட்டம் நீட்டிப்புக்குப் போகும் என்றிருந்தபோது, ஈடு மூன்றாம் நிமிடத்தில் பென்ஃபிகா யூரோப்பா லீகையும் இழந்திருந்தது."

சத்தமாகப் படித்துப் பார்த்தேன். இரண்டு சொல்லும் ஒன்றோடொன்று முட்டவில்லை. அட்டவணையில் மட்டும் 90+2 என்று இலக்கத்தில் இருக்கும். முதல் தடவை "ஈடுசெய் நேரம்" வரும் இடத்தில், ஆட்டம் தடைப்பட்டு வீணான நேரத்துக்கு ஈடாக நடுவர் சேர்ப்பது என்று ஒரு வரி விளக்கம் போட்டிருக்கிறேன், அதற்குமேல் அடைப்புக்குறி போட்டுப் படிப்பவரைத் தடுக்க மனசில்லை.

இந்தப் பாசோஸ் பற்றிப் பேச ஆசைதான். 54 புள்ளியோடு மூன்றாம் இடம், அதுவும் லிஸ்பனின் இன்னொரு பெரிய அணியான ஸ்போர்ட்டிங் தன் வரலாற்றிலேயே மோசமாக ஏழாவதாக முடித்த வருஷத்தில். ஆனால் அதற்குக் கலைச்சொல் எதுவும் வேண்டியிருக்கவில்லை, கட்டுரையிலேயே படித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மிச்சமிருக்கிறது. போர்ட்டோ அரங்கு ஆட்டத்தில் மாக்சி பெரேரா தன் வலைக்குள்ளேயே விட்ட கோல். எங்கள் தெருவில் இதைச் "சேம்சைடு கோல்" என்போம், அதை அப்படியே கட்டுரையில் போட எனக்குச் சம்மதம்தான், ஆனால் ஐயா விடமாட்டார் என்று தெரியும். "தன்வலை கோல்" என்று ஒன்று தோன்றியது. "தன் வலையில் தானே" என்ற பழமொழி மாதிரி ஒலிக்கிறதோ என்று சந்தேகம். நாளைக்குத் தனி இழை தொடங்குகிறேன், எல்லோரும் அங்கே வாருங்கள்.