அமைதிக் காலத்தில் எல்லை தாண்டி வரும் ட்ரோன்: சுடுவதா, பின்தொடர்வதா?

எல்லைக்கல்:
2025 செப்டம்பர் 9ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் விடியும்வரை, உக்ரைன் மீது ரஷ்யா நடத்திய தாக்குதலின் ஊடாக ஏறத்தாழ இருபது ட்ரோன்கள் போலந்தின் வான்பரப்புக்குள் நுழைந்தன. போலந்தின் எஃப்-16 விமானங்களும் நெதர்லாந்தின் எஃப்-35 விமானங்களும் அவற்றில் சிலவற்றைச் சுட்டு வீழ்த்தின. வார்சா விமான நிலையம் உட்பட நான்கு விமான நிலையங்கள் சில மணி நேரம் மூடப்பட்டன. அடுத்த மூன்றாம் நாளே ருமேனியாவுக்குள் வந்த ஒரு ட்ரோன் சுமார் 50 நிமிடம் அங்கே பறந்துவிட்டு உக்ரைன் பக்கம் திரும்பிச் சென்றது. ருமேனிய எஃப்-16 விமானிகள் அதைப் பின்தொடர்ந்தார்கள், சுடவில்லை.

போலந்து செய்ததே சரி என்பது என் கருத்து. தன் வீட்டு முற்றத்தில் 50 நிமிடம் உலவிவிட்டுப் போகிறவனை வேடிக்கை பார்த்தால், அடுத்த முறை அவன் திண்ணையில் வந்து உட்காருவான்.

நிதானி:
முற்றத்து உவமை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அன்றிரவு போலந்தில் உண்மையாகவே ஒரு வீட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். லுப்ளின் மாகாணத்தில் விரிகி என்ற கிராமத்தில் ஒரு வீட்டின் கூரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் காயமின்றித் தப்பினார்கள். முதலில் ட்ரோன்தான் விழுந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். சில நாட்களில், ட்ரோனைக் குறிவைத்துப் போலந்து விமானம் ஏவிய ஏவுகணையே வழிதவறி அங்கே விழுந்திருக்கிறது என்று போலந்துப் பத்திரிகைகள் எழுதின. எல்லா அறிகுறிகளும் அப்படித்தான் காட்டுகின்றன என்று அந்நாட்டு அமைச்சர் ஒருவரும் பிறகு ஒப்புக்கொண்டார். வந்தவற்றில் பல, ஒட்டுப்பலகையும் நுரைப்பொருளும் கொண்டு செய்யப்பட்ட கெர்பெரா வகை. எதிரியின் வான்பாதுகாப்பை ஏமாற்றுவதற்கென்றே அனுப்பப்படுபவை. அதை வீழ்த்தப் புறப்பட்ட ஏவுகணை, ட்ரோனை விடப் பெரிய சேதத்தைத் தன் குடிமக்களுக்கே விளைவித்திருக்கிறது.

2022 நவம்பர் 15 அன்று போலந்தின் பிஷெவோடுவ் கிராமத்தில் இருவர் இறந்ததும் நினைவிருக்கும். ரஷ்யா அடித்துவிட்டது என்று சில மணி நேரம் உலகமே பதறியது; கடைசியில், உக்ரைன் தற்காப்புக்காக ஏவிய ஏவுகணையாக இருக்கலாம் என்று நேட்டோவே சொன்னது. அன்று அவசரப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எல்லைக்கல்:
நீங்கள் சொல்லும் இரண்டு நிகழ்வுகளையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவை குறி தவறியதற்கும் அடையாளம் தெரியாததற்கும் எடுத்துக்காட்டுகள். சுடும் உரிமைக்கு எதிரான வாதங்கள் அல்ல. விரிகி வீட்டுச் சேதத்துக்கும் பொறுப்பு ட்ரோன்களை அனுப்பித் தூண்டியவர்களுக்கே என்று பிரதமர் டோனால்ட் டுஸ்க் சொன்னதை நான் ஏற்கிறேன்.

இன்னொன்று. ஆள் இல்லாத ஊர்தியைச் சுடுவதால் போர் மூளும் என்ற அச்சத்தை வரலாறு பெரிதாக ஆதரிக்கவில்லை. 2015 நவம்பரில் துருக்கி ரஷ்யாவின் சு-24 போர் விமானத்தை வீழ்த்தியது. அதன் விமானி இறந்தார். ரஷ்யா பொருளாதாரத் தடை விதித்தது, பல மாதம் உறவு சீர்குலைந்து கிடந்தது; ஆனால் போர் மூளவில்லை. 2019 ஜூனில் ஈரான் ஓர் அமெரிக்க உளவு ட்ரோனை வீழ்த்தியது. அது யாருடைய வான்பரப்பில் பறந்தது என்பதிலேயே இரு நாடுகளும் முரண்பட்டன. ஆனாலும் பதிலடிக்குத் தயாராக இருந்த டிரம்ப், சுமார் 150 பேர் இறக்கக்கூடும் என்று கேட்டதும், ஆளில்லாத ஒரு ட்ரோனுக்கு அது ஈடாகாது என்று சொல்லித் தாக்குதலை நிறுத்திவிட்டார். உயிர் போகாத இடத்தில் பழிவாங்கும் வேகமும் குறைகிறது. ஆகவே ட்ரோனைச் சுடுவது, விமானத்தைச் சுடுவதைவிட எளிதான முடிவாக இருக்க வேண்டும். நடைமுறையில் ஏன் தலைகீழாக இருக்கிறது?

வழக்குரைஞன்:
இருவருக்கும் இடையே புகுவதற்கு மன்னிக்கவும். சட்ட நிலை இவ்வளவு குழப்பமானதல்ல. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவே ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் வான்பரப்பின் மீது முழுமையான, தனிப்பட்ட இறையாண்மை உண்டு என்கிறது. அனுமதி இல்லாமல் ஒரு நாட்டின் அரசு விமானம் மற்றொரு நாட்டின் மேல் பறக்கக் கூடாது என்பது மூன்றாம் பிரிவு. 1983இல் கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் யூனியன் வீழ்த்திய பிறகு சேர்க்கப்பட்ட பிரிவு, பறக்கும் சிவில் விமானங்கள் மீது ஆயுதம் பயன்படுத்துவதையே தடுக்கிறது. ராணுவ ட்ரோனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே, சுட உரிமை உண்டா என்ற கேள்விக்கு விடை: உண்டு.

ஆனால் சுடுவது வேறு, அதைப் போர்த் தாக்குதல் என்று அறிவித்துத் திருப்பித் தாக்குவது வேறு. அமெரிக்காவுக்கு எதிராக நிகரகுவா தொடுத்த வழக்கில் 1986இல் சர்வதேச நீதிமன்றம், ஆயுதத் தாக்குதலையும் சாதாரண எல்லைச் சம்பவத்தையும் பிரித்துக் காட்டியது. ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதலை எல்லோர் மீதானதாகவும் கொள்ளும் நேட்டோ ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவைப் போலந்தும் தொடவில்லை. கலந்தாலோசனைக்கான 4ஆம் பிரிவைத்தான் கோரியது. இரண்டு நாளில் கிழக்கு எல்லைக்குக் கூடுதல் விமானங்களையும் கண்காணிப்பையும் கொண்டுவரும் நடவடிக்கையை நேட்டோ அறிவித்தது. இது பெரிய சண்டையும் இல்லை, சும்மா இருப்பதும் இல்லை.

எல்லைக்கல் கேட்ட ‘ஏன் தலைகீழ்’ என்பதற்கு, சிக்கல் சர்வதேசச் சட்டத்தில் இல்லை, உள்நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது என்பதே என் பதில். அமைதிக் காலத்தில் யார் உத்தரவிடலாம், விமானியா, தளபதியா, அமைச்சரா என்பதைப் பல நாடுகள் எழுதி வைத்ததே இல்லை. ருமேனியா 2025இல்தான் சட்டம் இயற்றியது; அதை நடைமுறைப்படுத்தும் விதிகளுக்கு ஒப்புதல் கிடைத்தது செப்டம்பர் இறுதியில், அதாவது அந்த 50 நிமிடம் முடிந்து பல நாள் கழித்து.

நிதானி:
வழக்குரைஞன் சொன்னது பயனுள்ளது. ஆனால் உத்தரவு கையில் இருந்தாலும் சுடாமல் இருப்பதும் ஒரு முடிவே என்பதை இருவரும் கவனிக்க மறுக்கிறீர்கள். ருமேனியப் பாதுகாப்பு அமைச்சர் சொன்னபடி, தரையில் ஏற்படக்கூடிய சேதத்தை எடைபோட்டு விமானிகளே சுடுவதில்லை என்று தீர்மானித்தார்கள். அதைக் கோழைத்தனம் என்று எழுதுவது எளிது. அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு, தாழப் பறக்கும் சிறிய இலக்கு ஒன்று, அதற்குக் கீழே தன் நாட்டு ஊர்கள், கையில் பல லட்சம் டாலர் மதிப்புள்ள ஏவுகணை. எதிரி மலிவாக அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் இப்படிச் செலவழித்தால், நம் கிடங்கைக் காலி செய்யும் அவனுடைய வேலையை நாமே செய்து கொடுக்கிறோம்.

நோக்கம் என்ன என்ற கேள்வியும் தீரவில்லை. போலந்து விஷயத்தில், அன்றிரவு வழிதவறிய ட்ரோன்கள் வருவதாக பெலாரஸ் முன்கூட்டியே எச்சரித்ததைப் போலந்து ராணுவமே உறுதிசெய்தது. தவறுதலாக இருக்கலாம் என்றார் டிரம்ப். அப்படி இருக்க வேண்டும் என்று நாங்களும் விரும்புகிறோம், ஆனால் அது தவறுதல் அல்ல என்றார் டுஸ்க். இருவரில் யார் சரி என்று ராடார் திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எல்லைக்கல்:
ஒன்றிரண்டு வழிதவறலாம். ஓரிரவில் இருபது வழிதவறின என்பதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. செலவுக் கணக்கை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எஃப்-35 விமானத்தை அனுப்பி ஒட்டுப்பலகையைச் சுடுவது நெடுநாள் தாங்காது. 2022 டிசம்பரில் வட கொரியாவின் ஐந்து சிறு ட்ரோன்கள் எல்லை தாண்டியபோது, தென் கொரியா சுமார் 100 சுற்று சுட்டும் ஒன்றையும் வீழ்த்த முடியவில்லை. ஒன்று சியோலின் வடக்கு வரை வந்துபோனது. தென் கொரியாவும் பதிலுக்குத் தன் ட்ரோன்களை வடக்கே அனுப்பியது. இரு தரப்பும் போர்நிறுத்த உடன்பாட்டை மீறியதாக ஐ.நா. படைத் தலைமையகம் முடிவு சொன்னது. ஆகவே பதிலுக்கு ட்ரோன் அனுப்புவதை நானும் பரிந்துரைக்கவில்லை. ட்ரோனை ட்ரோனாலேயே இடைமறிக்கும் மலிவான கருவிகள், தாழ்வான இலக்குகளைப் பார்க்கும் ராடார், தளபதி மட்டத்திலேயே உத்தரவு. இவை மூன்றும் இருந்தால், ருமேனியாவில் அந்த ட்ரோன் பறந்த டான்யூப் டெல்டாவில் ஏன் சுடக் கூடாது? ஐரோப்பாவிலேயே மக்கள் மிகக் குறைவாக வாழும் பகுதிகளில் ஒன்று அது. பெரும்பாலும் நாணலும் நீரும்தான்.

நிதானி:
நாணலும் நீரும்தான். ஆனால் அங்கே ஆறே எல்லை. அந்த ட்ரோன் பறந்தது கிலியா வெக்கே ஊர் இருக்கும் பகுதியில். எதிர்க்கரையில் உக்ரைனின் கிலியா நகரம் இருக்கிறது. ருமேனிய விமானி ஏவியது குறி தவறி அந்தக் கரையில் விழுந்தால், பிஷெவோடுவ் கதை தலைகீழாக நடக்கும். நீங்கள் சொல்லும் மலிவான கருவிகள் வரட்டும், வெடிமருந்து குறைவாக உள்ள அவற்றால் இந்த அபாயம் சிறிதாகும் என்பதை நானும் ஏற்கிறேன். அதுவரை அந்த இரண்டு விமானிகள் செய்ததில் எனக்குக் குறை தெரியவில்லை.

எல்லைக்கல்:
ஆற்றங்கரையில் ஏற்கிறேன். எல்லையிலிருந்து உள்ளே தள்ளி, வயல்வெளிக்கு மேல் வந்தால் ஏற்க மாட்டேன்.