கலைச்சொல்: 'பினாமிப் பதிவு', 'இரவல் தகுதி', இன்னொன்று

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

தகுதி உள்ளவருக்கு மட்டும் தரும் ஆள்களப் பெயரை (டொமைன், அதாவது இணையதள முகவரி) மற்றவர் பிடித்துக்கொள்வதற்கு, நம் கலைச்சொல் பட்டியலில் 'தகுதி துஷ்பிரயோகம்' என்று ஐயா எழுதியிருந்தார். நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்ன நடந்தது என்பதை அந்தச் சொல் சொல்லவில்லையே.

போன வாரம் என் கடைக்கு (வெப்சைட் டிசைன், கூடவே ஜெராக்ஸ், எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்துச் சந்து) டியூஷன் சென்டர் நடத்தும் ஒருவர் வந்தார். அவருக்கு 'டாட் ஏசி டாட் இன்' வேண்டுமாம். "அது இருந்தா பேரன்ட்ஸ் நம்புவாங்க சார்." அது கல்வி நிறுவனங்களுக்கானது, எர்நெட் என்ற அரசு சார்ந்த கல்வி வலையமைப்பு வழியாகத்தான் பதிய முடியும், டாட் காம் மாதிரி கார்டைத் தேய்த்து வாங்க முடியாது என்றேன். கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு லெட்டர்ஹெட்டை உருவினார். மச்சான் வேலை பார்க்கும் கல்லூரியுடையது. ரப்பர் ஸ்டாம்ப் விழுந்திருந்தது, கையெழுத்து இடம் மட்டும் காலி. கேட்டால் அதையும் போட்டுக் கொடுத்துவிடுவார்களாம். "அவங்க பேர்ல வாங்கி நான் யூஸ் பண்ணிக்கிறேனே?"

இதில் கள்ள ஆவணம் ஒன்றுகூட இல்லை. கல்லூரி நிஜம், அதன் தகுதி நிஜம். ஆகவே 'போலித் தகுதி' பொருந்தாது.

அதற்குப் பதிலாக நம் குழுவில் அக்கா சொன்ன 'பினாமிப் பதிவு' கேட்டவுடன் புரியும். எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் பினாமியில் பணம் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. பணம் போட்டவர் மறைந்திருக்க வேண்டும் என்பதுதான் அங்கே ஏற்பாடு. நம்ம டியூஷன்காரரோ போர்டு மாட்டப் பார்க்கிறார்! போதாததற்கு, பதிந்தவரின் முகவரியை மறைத்துத்தரும் பதிலிச் சேவை என்று ஒன்று நேர்மையாகவே நடக்கிறது. பினாமி என்றால் அதன் மேலும் சேறு தெறிக்கும்.

என் பரிந்துரை: இரவல் தகுதி. கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுப் போகாத வீடு எங்கள் தெருவில் குறைவு. நகை அசல் தங்கம்தான். போட்டிருப்பவருக்குச் சொந்தமில்லை, அவ்வளவுதான்.

வெளியூர்க் கதையும் இருக்கிறது. உலக அளவில் ஆள்களப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2000-இல் தேர்ந்தெடுத்த ஏழு ஆள்களங்களில் டாட் புரோ ஒன்று. மருத்துவர், வழக்கறிஞர், கணக்கர் என்று உரிமம் பெற்றவர்களுக்காக வந்தது. உரிமம் இல்லாதவர்களும் அந்தப் பெயரைப் பயன்படுத்த வழிவிடும் சேவையைப் பெயர் பதிந்து தரும் பதிவாளர் நிறுவனம் ஒன்றே விற்றது. 2015-இல் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள்.

---

காசிமேட்டிலிருந்து:

அண்ணே, இரவல் வேண்டாம். இரவல் வாங்கினால் திருப்பிக் கொடுப்போம், அதற்குக் காசும் கிடையாது. அக்கம்பக்கத்து அன்பு அது. டாட் புரோவில் நடந்தது வியாபாரம்.

எங்கள் பக்கம் வாரியக் குடியிருப்புகளில் இதற்குப் பெயர் இருக்கிறது. ஒதுக்கீட்டு ஆணை ஒருவர் பேரில், அடுப்பெரிவது வேறு குடும்பத்துக்கு, மாசம் பிறந்தால் ஆணைக்காரர் வந்து பணம் வாங்கிப் போவார். உள்வாடகை என்போம். 'தகுதி உள்வாடகை' என்று வையுங்கள், விளக்கமே தேவைப்படாது.

தடுக்கிற வழியையும் அந்தச் சொல்லே காட்டும். உள்வாடகையை ஆணையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆணை எப்போதும் சரியாகவே இருக்கும். கதவைத் தட்டி "யார் குடியிருக்கீங்க?" என்று கேட்க வேண்டும். ஆள்களத்திலும் அப்படித்தான்: பதியும் நாளில் சான்று பார்த்தால் போதாது, அந்தப் பெயரில் இப்போது என்ன ஓடுகிறது என்று இடையிடையே பார்க்க வேண்டும். அந்தச் சோதனைக்குப் 'புழக்கச் சரிபார்ப்பு' என்று போடலாமா?

வங்கிகளை 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்'னுக்கு மாறச் சொன்னது ரிசர்வ் வங்கி. பதிவாளர், ரிசர்வ் வங்கி நிறுவிய ஐடிஆர்பிடி என்ற தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றுதான். வங்கிப் பட்டியல் கையில் இருப்பதால் வாசலில் ஏமாற்றுவது கடினம். ஆனால் தகுதியுள்ள எவரும் தன் ஆள்களப் பெயருக்கு முன்னால் ஒரு துணைப்பெயரை (சப்டொமைன்) ஒட்டி வேறொருவருக்குக் கொடுத்தால்? மாடி போர்ஷனை விட்ட மாதிரிதானே?

---

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:

சரி, தோற்றேன், முக்கால்வாசி. காசு கைமாறினால் 'தகுதி உள்வாடகை'. மச்சான் கேஸில் காசே இல்லை, அதனால் அங்கே 'இரவல் தகுதி' இருக்கட்டும். இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே பட்டியலில் போடுவோம். 'புழக்கச் சரிபார்ப்பு' அப்படியே எடுத்துக்கொள்கிறேன், துணைப்பெயர்களையும் சேர்த்துப் பார்ப்பது என்று விளக்கத்தில் ஒரு வரி போதும்.

ஒன்று பாக்கி. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியபின், அந்த ஒன்றியத்துக்கான டாட் இயூ வைத்திருந்த பிரிட்டன்காரர் பலர் தகுதி இழந்தார்கள். பதிந்த நாளில் எல்லாம் முறைப்படி இருந்தது, முறைகேடு என்று அவர்களைச் சொல்வது அநியாயம். 'தகுதி தீர்ந்த பதிவு' என்று தோன்றுகிறது. 'காலாவதி' வேண்டாம், புதுப்பிக்க மறந்ததோடு குழம்பும்.

டியூஷன்காரர் கடைசியில் வெறும் டாட் இன் எடுத்துக்கொண்டார். பெயருக்கு முன்னால் 'யுனிவர்சல்' சேர்க்கச் சொன்னார். அதற்குத் தகுதி எதுவும் கேட்பதில்லை.