கடல் பக்கத்திலேயே இருக்கிறது, பிள்ளைகள் விளையாட இடம் எங்கே? (தண்டையார்பேட்டை)

நேதாஜி நகர் அம்மா:

வணக்கம். தண்டையார்பேட்டை நேதாஜி நகரில் வாடகைக்கு இருக்கிறோம். நான் பிறந்தது திருத்தணிப் பக்கம். அங்கே வாசலைத் தாண்டினால் களம், களத்தைத் தாண்டினால் மலையடிவாரம். பசித்தால்தான் வீட்டு ஞாபகம் வரும். இங்கே வாசலைத் தாண்டினால் பைக், தெருவைத் தாண்டினால் கன்டெய்னர் லாரி. மகள் ஏழாவது படிக்கிறாள், மகன் இரண்டாவது. பள்ளி விட்டு வந்ததும் இரண்டு பேரும் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். திட்ட எனக்கு மனசு வரவில்லை. போக ஓர் இடம் காட்டாமல் போனைப் பிடுங்கி என்ன பிரயோஜனம்?

யாரைக் கேட்டாலும் மெரினாவுக்குப் போகச் சொல்கிறார்கள். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு அது சுலபம்தான். தண்டையார்பேட்டையில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தால் கடற்கரை. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைக்கு. நான் கேட்பது செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்கு.

கடல் எங்களுக்கும் நடந்து போகிற தூரம்தான். போனால் கருங்கல் குவியல், இறங்க மணல் இல்லை. மகளுக்கு ஊஞ்சல் ஆடுகிற வயசு தாண்டிவிட்டது, உருப்படியாக ஒரு விளையாட்டு கற்றுக்கொள்ளணும் என்கிறாள். மாசாமாசம் ஆயிரக்கணக்கில் பணம் கட்ட எங்களால் முடியாது. மாமியாருக்கு மூட்டு வலி, படி ஏறாமல் நடக்கவும் உட்காரவும் இடம் இருந்தால் போதும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காசிமேட்டுப் பெரியவர்:

அம்மா, முதலில் ஒன்று. அந்தக் கல் மேல் பிள்ளைகளை ஏற விடாதீர்கள். காய்ந்த மாதிரி தெரியும், கீழ்க்கல் முழுக்கப் பாசி. கால் வழுக்கி இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டினால் அடுத்த அலை வருவதற்குள் எடுக்க முடியாது. கடலில் பிழைத்த குடும்பத்துக்காரன் சொல்கிறேன்.

மணல் ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளணும். நம் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். நகர்ந்து வந்த மணல் அந்தச் சுவரில் தடுக்கித் தெற்கே தங்கிவிட்டது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். சுவருக்கு வடக்கே இருக்கிற ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூருக்கு மணல் வரத்து குறைந்து, கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. தெருத்தெருவாக வீடு போனதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மிச்சத்தைக் காப்பாற்றக் கொட்டியதுதான் நீங்கள் பார்க்கிற கருங்கல். மெரினாவில் கால் புதைகிற மணலில் எங்கள் பங்கும் இருக்கிறது. பார்க்கோ மைதானமோ கேட்கும்போது நாம் சலுகை கேட்பதாக யாரும் நினைக்க வேண்டாம்.

வடக்கே திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம் தூண்டில் வளைவு, அதாவது மணலைப் பிடிக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டுகிற கல் சுவர், போட்ட இடங்களில், இரண்டு வளைவுக்கு நடுவே கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன்னால் போய் மணலில் விளையாடட்டும், தண்ணீரில் மட்டும் இறங்கக் கூடாது. ஒருநாள் விடியற்காலையில் மகளைக் காசிமேட்டுக்குக் கூட்டி வாருங்கள். விசைப்படகு வந்து மீன் இறங்குவதையும் ஏலம் போவதையும் பார்க்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும்.

மாமியாருக்கு ராயபுரம் அறிஞர் அண்ணா பூங்கா சரியாக இருக்கும். பழைய ராபின்சன் பூங்கா அதுதான். 1949இல் திமுகவின் முதல் பொதுக்கூட்டம் கொட்டுகிற மழையில் நடந்த இடம். அதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள், அவருக்கும் பேச விஷயம் கிடைக்கும்.

செரியன் நகர் அக்கா:

கேரம் கற்றுக்கொடுங்கள் தங்கச்சி. வடசென்னையில் இடம் இல்லாத குறையைத் தீர்த்துவைத்த விளையாட்டு இது. ஒரு பலகை, ஒரு குண்டு பல்பு, நாலு ஸ்டூல் இருந்தால் முட்டுச்சந்துகூட கிளப்தான். மழை பெய்தாலும் ஆட்டம் நிற்காது.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் புதுவண்ணாரப்பேட்டைப் பெண். அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், இங்கேயே பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக்கொடுக்கிறவர். அதற்கு முன்னால் 1991லும் 1995லும் உலக சாம்பியன் ஆன மரிய இருதயமும் சென்னைக்காரர்தான், அர்ஜுனா விருது வாங்கினார்.

காசிமா ஜெயித்து வந்ததிலிருந்து, பெண் பிள்ளைக்குக் கேரம் எதற்கு என்று எங்கள் தெருவில் யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு அந்தத் தங்கத்தைவிட இதுதான் பெரிசு. முதல் நாள் நீங்களும் கூடப் போய் உட்கார்ந்து பாருங்கள். பெண் பிள்ளைகள் எத்தனை மணிக்கு வருகிறார்கள், வெளிச்சம் எப்படி, வீடு திரும்புகிற வழி எப்படி என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். ஸ்ட்ரைக்கர் மட்டும் அவளுக்கென்று ஒன்று வாங்கிக் கொடுங்கள், கைக்குப் பழகணும்.

வியாசர்பாடி 10ஆம் நம்பர்:

அக்கா, ஓடுகிற பிள்ளையாக இருந்தால் கால்பந்துக்கு வியாசர்பாடி முல்லை நகர் மைதானம். காலையில் வந்து பாருங்கள், புழுதி பறக்கும். பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். சென்னையின் எஃப்சிக்கும் இந்திய அணிக்கும் ஆடிய தனபால் கணேஷ் எங்கள் ஏரியா. காசு இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்புகிற இடம் இல்லை. உங்களுக்குத் தினமும் வருவது தூரம், அதனால் சனி ஞாயிறு மட்டும் வைத்துக்கொள்ளலாம். சின்னவனையும் கூட்டி வாருங்கள், ஏழு வயசுதான் பந்துக்குக் கால் பழக நல்ல வயசு.

நேதாஜி நகர் அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெரியவர் ஐயா எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். மணலைத் திருப்பிக் கொண்டுவர முடியாதா என்று கேட்கிறாள்.

ஒரு சந்தேகம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. கழிவறை எப்போதும் பூட்டு, விளக்கு பாதி எரியவில்லை. ஆறரைக்கு மேல் பெண்கள் யாரும் உட்காருவதில்லை. இது சரியானால் நாங்கள் வேறெங்கும் போகவே வேண்டாம்.

செரியன் நகர் அக்கா:

மாநகராட்சியின் 1913 என்கிற நம்பருக்குப் போன் போடுங்கள். கழிவறைக்குத் தனி, விளக்குக்குத் தனி என்று இரண்டு புகாராகக் கொடுத்துப் புகார் எண்ணை எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்களையும் ஆளுக்கொன்று போடச் சொல்லுங்கள். விளக்குக் கம்பத்தில் நம்பர் இருந்தால் அதைச் சொன்னால் தேடிக்கொண்டு அலைய மாட்டார்கள். எங்கள் தெருவில் அப்படித்தான் விளக்கு வந்தது.

காசிமேட்டுப் பெரியவர்:

மகளிடம் சொல்லுங்கள், நல்ல கேள்வி. தூண்டில் வளைவு அதற்கான ஒரு வழிதான், ஆனால் ஓர் இடத்தில் மணலைப் பிடித்தால் அதற்கு வடக்கே இருக்கிற குப்பத்துக்கு வரத்து குறையும். அந்த வாக்குவாதம் இன்னும் எங்களுக்குள் நடக்கிறது. காசிமேடு வரும்போது நேரில் விளக்குகிறேன். விடியற்காலை நாலு மணிக்கு வந்தால் ஏலத்தை முழுசாகப் பார்க்கலாம். செருப்பு நல்ல பிடிப்புள்ளதாகப் போட்டு வரச் சொல்லுங்கள், தரை முழுக்க மீன் தண்ணீர்.